வாளிக்கு முன்னால் நிற்பவர்களுக்கு

இந்த வருடம் குழாய் பதிக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தாறு பேர் எங்கட தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் வந்து என் அனுபவத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைக்கும்படி கொம்பனியில் கேட்டார்கள். எனக்கு ஆட்களுக்கு முன்னால் நின்று கதைக்க வராது. வாய் காய்ந்துவிடும். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். முதுகு பழுதாகி, வயது வரமுதலே ஓய்வுக்குப் போன ஆள் நான். படிப்பு ஊரில் எடுத்த ஓ.எல். சோதனையோடு சரி. அதை மனதில் வைத்து வாசியுங்கள்.

குழாய் பதிப்பதை உங்களுக்கு வேறு ஆட்கள் பழக்குவார்கள். நான் எழுதப்போவது வாளிக்கு முன்னால் நிற்பதைப் பற்றி. ஊரில் பெக்கோ என்று சொல்லும் மண் வெட்டும் இயந்திரத்தை இங்கே ஜேர்மனியில் பாகர் என்பார்கள். அது கிடங்கு வெட்டும்போது மண் அள்ளும் அதன் வாளிக்கு முன்னால், எட்டாத தூரத்தில், ஒருவர் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே இருந்து ஓட்டுபவருக்குத் தெரியாதது கீழே நிற்பவருக்குத் தெரியும். சந்தேகமாக ஏதும் தெரிந்தால் கையைப் பொத்தி மேலே தூக்க வேண்டும். வாளி நின்றுவிடும். என் வேலைக்காலத்தில் பெரும் பகுதி அந்த இடத்தில்தான் போனது.

இது ஏன் தேவை என்று வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலகப்போரில் இந்த நகரத்தின் மேல் குண்டுகளைக் கொட்டினார்கள். வெடிக்காமல் மண்ணுக்குள் போனவை இன்னும் கிடக்கின்றன. தெருவைக் கிண்டமுதல் பழைய வான்படங்களைப் பார்ப்பார்கள், கருவி வைத்துப் பார்ப்பார்கள், பிறகுதான் வெட்ட அனுமதி வரும். அனுமதி வந்த தெருவிலும் எப்போதாவது ஒன்று அகப்படும்.

உங்களுக்கு இது பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விசயம். எனக்கு அந்த நாளில் தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரிகாலம். மழை பிடித்துவிட்டதால் எல்லோரும் வேலைத்தலத்தில் ஓய்வெடுக்கும் கொன்டெய்னருக்குள் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் போலியர், அதாவது வேலைத்தலத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர், ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன்காரர். தன் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் போலியர் என்றே எழுதுகிறேன். பாகர் ஓட்டியவன் மாரெக். போலந்துக்காரன், என் வயதுக்காரன், சரியான வாய்க்காரன். பக்கத்து நகரத்தில் குண்டு ஒன்று அகப்பட்ட செய்தி வானொலியில் போனது. பல மாதமாக மனதுக்குள் கிடந்த கேள்வியை அன்றைக்கு நான் கேட்டுவிட்டேன்.

"உங்கட அரசாங்கம் ஏன் இந்த ஊருக்குக் குண்டு போட்டது?"

மாரெக்குக்குக் கோப்பி மூக்கால் வந்தது. மேசையில் அடித்து அடித்துச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்த விமானம் எங்கள் நாட்டு அரசாங்கத்தின் விமானம். குண்டு போட்டவர்களும் குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களும் ஒரே நாட்டு அடையாள அட்டைதான் வைத்திருந்தார்கள். ஒரு ஊரில் குண்டு விழுந்தால் அதைப் போட்டது அந்த ஊரை ஆண்டவர்கள் என்றுதான் என் தலை கணக்குப் போட்டிருந்தது. உலகப்போர் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்காகப் பாடமாக்கியது சோதனையோடு போய்விட்டது.

போலியர் மட்டும் சிரிக்கவில்லை. வானொலியை நிறுத்தினார்.

"போட்டது நாங்களில்லை. இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும். ஆனால் தொடங்கினது நாங்கள்." மாரெக்கைக் காட்டினார். "இவன்ர நாட்டுக்குள்ள போய்த் தொடங்கினம்."

"செப்டெம்பர் முதலாம் தேதி," என்றான் மாரெக். "கூப்பிடாமல் வந்தவை. வரேக்க ஒரு போத்திலும் கொண்டரேல்லை."

"என்ர அப்பாவும் அதில போனவர்," என்றார் போலியர். மாரெக் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை.

போலியர் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போனார். போலந்துக்குள் போனதும் இங்கிலாந்தும் பிரான்சும் இவர்களுக்கு எதிராகப் போரை அறிவித்தன. அடுத்த வருடம் டென்மார்க், நோர்வே, ஹொலண்ட், பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். இங்கிலாந்துக்கு மேலே போய்க் குண்டு போட்டார்கள். பிறகு கிரேக்கம், வட ஆபிரிக்கா, கடைசியில் ரஷ்யா. அந்தப் பக்கம் ஜப்பான் ஏற்கெனவே சீனாவுக்குள் நின்றது. அது அமெரிக்கக் கப்பல்களை அடிக்க, அமெரிக்காவும் வந்தது. இதற்கிடையில் இவர்கள் யூத மக்களைப் பிடித்துப் பிடித்துக் கொன்றார்கள். அதைச் சொல்லும்போது போலியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாம் திரும்பி வந்தது. மேற்கிலிருந்து விமானம் விமானமாக வந்து இந்த நகரங்களை எரித்தார்கள். கிழக்கிலிருந்து ரஷ்யர்கள் பெர்லின் வரை வந்தார்கள். இவர்களுடைய தலைவன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். மே மாதம் சரணடைந்து கையெழுத்து வைத்தார்கள். ஓகஸ்டில் ஜப்பானின் இரண்டு நகரங்களில் அணுகுண்டு விழுந்தது. அதோடு அங்கேயும் முடிந்தது.

அந்தப் போர் திருகோணமலைக்கும் கொழும்புக்கும்கூட வந்து போனது, ஜப்பான் விமானங்கள் அங்கேயும் குண்டு போட்டன என்பதை நான் பிறகுதான் தேடி அறிந்தேன்.

"உங்கட சண்டை எப்பிடித் தொடங்கினது?" என்று போலியர் கேட்டார்.

"அது நீளமான கதை," என்றேன்.

"எங்கட கதை நீளமில்லை," என்றார். கோப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார்.

பிள்ளைகள், நீங்கள் கிண்டுகிற மண்ணுக்குள் என்ன கிடக்கிறது, அது எப்படி அங்கே வந்தது என்று தெரியாமல் நிற்காதீர்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். சிரிப்பார்கள். சிரித்து முடிந்தபிறகு யாரோ ஒருவர் சொல்லித் தருவார்.

அந்தக் கதையால் வேறொரு சிக்கலும் வந்தது. நான் போருக்குள் இருந்து வந்தவன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவனுக்குக் குண்டைப் பற்றித் தெரியும் என்று அவர்களாகவே முடிவு கட்டினார்கள். உண்மையில் நான் விமானத்தைப் பார்த்திருக்கிறேன், உடைந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன், பதுங்குகுழிக்குள் இருந்திருக்கிறேன். முழுக்குண்டு ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. அதை வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். வாளிக்கு முன்னால் என்னை விட்டார்கள்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் மலைச்சரிவில் ஒரு ஒடுங்கிய தெருவில் வெட்டிக்கொண்டிருந்தோம். மண்ணுக்குள் உருண்டையாக, கறள் பிடித்த இரும்பு தெரிந்தது. கையைத் தூக்கினேன். போலியர் பார்த்தார், பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். குண்டு பார்க்கும் நிபுணர் வந்துசேர நேரம் ஆகும் என்பதால் பொலிஸ் இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் ஆட்களை வெளியேற்றியது. மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுச் செருப்போடு ஒரு முதியவர் வந்து நின்றார். ஒரு பெண் பூனையைக் கூடைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூனை கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டது.

நிபுணர் வந்தார். கிடங்குக்குள் இறங்கினார். கையுறையால் சேற்றைத் துடைத்தார். ஒரு தகடு தெரிந்தது. குளியலறையில் தண்ணீர் சூடாக்கும் பழைய பொயிலர்.

"எத்தினை லீட்டர்?" என்று தெருவில் நின்ற ஒருவர் கேட்டார். சனம் சிரித்துக்கொண்டே வீடுகளுக்குப் போனது. எனக்கு அந்தக் கிடங்குக்குள்ளேயே இருந்துவிடலாம்போல இருந்தது.

அடுத்த நாள் காலையில் கொன்டெய்னரில் என் கொளுக்கியில் துவாயும் சவர்க்காரமும் தொங்கின. "வாங்கோ பொயிலர், குளிக்கத் தண்ணி சூடோ?" என்றான் மாரெக். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். மணல் கொண்டுவரும் லொறிக்காரனும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். தமிழ்க்கடைக்கும் கதை போய்விட்டது. முருங்கைக்காய் நிறுக்கும்போது கடைக்காரர் கேட்டார்: "என்னண்ணை, இந்தக் கிழமை குண்டு ஒண்டும் அகப்படேல்லையோ?" நான் கடைக்குப் போவதை விட்டுவிட்டேன். மனைவிதான் போனாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

போலியரிடம் போய், என்னை வேறு வேலைக்கு மாற்றச் சொன்னேன்.

"கையை எப்ப தூக்கினனி?" என்று கேட்டார்.

"கண்டவுடன."

"கண்டாக் கையைத் தூக்கிறது உன்ர வேலை. அது என்னவெண்டு சொல்லுறது வேற ஆளின்ர வேலை. ஏன் ரெண்டையும் நீயே தோளில போடுறாய்?"

நல்ல பேச்சுத்தான். நான் நம்பவில்லை. துவாய் அவருடைய கொளுக்கியில் தொங்கவில்லையே என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அவர் என்னை மாற்றவில்லை. நான் தொடர்ந்து நின்றேன்.

இப்போது எழுதப்போவதை இவ்வளவு காலமும் எங்கள் ஆட்கள் யாரிடமும் நான் கதைக்கவில்லை. கதைக்கவும் தேவையில்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள்.

என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவன் தயா. இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய சினேகிதன். அவனுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. ஒரே மகள். ஒரு வருடத்துக்கு முதலே மண்டபம் பிடித்துவிட்டான். லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லா இடத்திலிருந்தும் சனம் வந்திருந்தது. ஐயர் மத்தியானத்துக்கு முதல் நேரம் வைத்துக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை. திங்கட்கிழமை தெருவைத் திறக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு அன்றைக்கும் விடியற்காலையில் தொடங்கி வெள்ளன முடிகிற வேலை. மனைவி முதலே போய்விட்டாள். என்னுடைய கோட்டும் சூட்டும் காரின் பின் இருக்கையில் தொங்கின. வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு நடந்தே போகலாம். மண்டபம் எங்கள் கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கூரை தெரிந்தது. மேளச் சத்தமும் இடையிடையே வந்தது.

வாளி ஒரு தரம் அள்ளி விலகியது. எரிவாயுக் குழாய்க்குக் கீழே, கிடங்கின் பக்கச் சுவரில், வளைந்த இரும்பு ஒன்று தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும். மற்றதெல்லாம் மண்ணுக்குள்.

மாரெக்குக்கு என் முகத்தைப் பார்க்கவே விளங்கிவிட்டது. "என்ன பொயிலர், குளிப்பமோ?" என்றான்.

நான் இரும்பைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். கையைத் தூக்கினால் அந்த மண்டபத்துக்கு என்ன நடக்கும், தயாவுக்கு என்ன நடக்கும், அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று முழுக்கத் தெரிந்தது. பொயிலர் கதை இரண்டாம் தரம் நடந்தால் எனக்கு என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. கையைத் தூக்கினேன். துணிவு என்று நினைக்காதீர்கள். கை பழகியிருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தரம் நிபுணர்கள் வந்து பார்த்தும் சொல்ல முடியவில்லை. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும், தோண்டமுதல் சுற்றியுள்ள ஆட்களை அகற்ற வேண்டும் என்றார்கள். வட்டம் போட்டார்கள். மண்டபம் வட்டத்துக்குள் இருந்தது.

எங்களையும் பொதுமக்களோடு பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்துக்கு அனுப்பினார்கள். செம்மஞ்சள் வேலை உடுப்போடும் சேற்றுச் சப்பாத்தோடும் உள்ளே போனேன். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பட்டுச்சேலைகள். அந்தப் பிள்ளை, தலை நிறையப் பூவோடும் நகைகளோடும், ஒரு மர வாங்கில் இருந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்த ஜேர்மன் முதியவர்கள் ஒரு பக்கம். அவர்களில் ஒரு அம்மா பிள்ளையின் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்து, "அந்த நாளில சைரன் கேட்டு நாங்கள் ஓடேக்க நான் இரவுச்சட்டையோட ஓடினனான்" என்றார். ஆலாத்தித் தட்டு வந்திருந்தது. ஆனால் உள்ளே நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று செஞ்சிலுவைத் தொண்டர்கள் மறித்துவிட்டார்கள். கொளுத்தாமல் சுற்ற ஏலாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

தயா என்னைக் கண்டுவிட்டான். "மச்சான், நீயும் மாட்டுப்பட்டியோ?"

"நான்தான் நிப்பாட்டினது," என்றேன்.

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நான் நினைக்காதது நடந்தது. என் தோளில் கையைப் போட்டான். சனத்தைப் பார்த்துச் சொன்னான்: "கேட்டியளோ, குண்டைக் கண்டுபிடிச்சது எங்கட ஆள். இவன் நிப்பாட்டாட்டி இண்டைக்கு நாங்களெல்லாம் முடிஞ்சம்."

சனம் என்னைச் சுற்றி வந்துவிட்டது. பாரிசிலிருந்து வந்த ஒரு மாமா என் சேற்றுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊரில குண்டுக்குத் தப்பி ஓடி வந்து, இஞ்ச குண்டைப் பிடிச்சிருக்கிறான்," என்று சொல்லிக்கொண்டு என்னோடு நின்று படம் எடுத்தார். "இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, தோண்டினால்தான் தெரியும்," என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்ல எனக்கு வரவும் இல்லை. மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். வைத்த நேரம் அந்தக் கொண்டாட்டத்துக்குள்ளேயே கடந்து போனது. ஐயர் பஞ்சாங்கத்தை எடுத்து இன்னொரு நேரம் தேடத் தொடங்கினார்.

பின்னேரமாகியது. ஒரு பொலிஸ்காரர் ஒலிபெருக்கியோடு வந்தார். ஆபத்து இல்லை, வெடிபொருள் அல்ல, பழைய நீரிறைக்கும் இயந்திரமொன்றின் உடைந்த கூடு, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் சொன்னதைப் பிள்ளைகள் தமிழில் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பிள்ளை சொல்ல மற்றப் பிள்ளை சொல்ல, மண்டபத்தின் கடைசி மூலை வரை அது போய்ச் சேருவதை நான் நின்று கேட்டேன்.

பாரிஸ் மாமா என்னைப் பார்க்காமல் கைத்தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

தயா கத்தவில்லை. கிட்ட வந்து, மெதுவாகச் சொன்னான். "கையைத் தூக்கமுதல் ஒருக்கா வடிவாப் பாத்திருக்கலாமேடா."

அவனுடைய மனைவியின் தமக்கை பக்கத்தில் நின்றார். கடைசிச் சண்டையில் வன்னியிலிருந்து வெளியே வந்தவர். "குண்டில்லையெண்டா நல்லதுதானே தயா," என்றார். "வாங்கோ, சாப்பாடு ஆறுது." அவர் சொன்னது எனக்கு ஆதரவாகத்தான். அதைக்கூட நிமிர்ந்து பார்த்துக் கேட்க என்னால் முடியவில்லை.

சடங்கைப் பிறகு செய்தார்கள். பாதிச் சனம் பயணத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டது. படம் எடுக்க வந்தவரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார். காருக்குள் கோட்டும் சூட்டும் தொங்கியபடியே இருந்தன. நான் மண்டபத்துக்குள் போகவில்லை. தயா அதன் பிறகு என்னோடு கதைக்கிறான், காணும் இடத்தில் சிரிக்கிறான். முன்னைப்போல் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். தெருவில் கண்டால் நான் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன்.

நீங்கள் கேட்கலாம், இதில் எங்களுக்கு என்ன பாடம் என்று. கையைத் தூக்கினால் மரியாதை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் வெட்கம்தான் கிடைக்கும். அந்த வெட்கத்துக்குப் பயந்து அடுத்த முறை கையைத் தூக்கப் பிந்துகிறீர்களா என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்கு அந்தக் கேள்வி திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டது.

அன்றைக்கு வேலைத்தலத்துக்குக் கொம்பனியிலிருந்து பொறியியலாளர் வந்திருந்தார். தெரு திறக்கப் பிந்தியதில் அவருக்குச் சரியான கோபம். போலியரிடம், எல்லோருக்கும் கேட்கத்தான், சொன்னார்: "அந்த மனுசன் ரெண்டு தரம் பிழை விட்டிட்டான். முன்னால வேற ஆளை விடு."

போலியர் வாய் திறக்கமுதல் பாகரின் இயந்திரம் நின்றது. மாரெக் இறங்கி வந்தான்.

"அப்ப பாகருக்கும் வேற ஆளைப் பாருங்கோ," என்றான்.

"ஏன்? ரெண்டு தரமும் பிழை விட்டவன்தானே."

"ஓம். ரெண்டு தரமும் நான் பின்னேரம் வீட்ட போனனான்."

பொறியியலாளர் போலியரைப் பார்த்தார். போலியர் கிடங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பொறியியலாளர், "உங்கட பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. எனக்காக ஒருவன் கதைத்ததும் வெட்கமாகத்தான் இருந்தது. போய் வாளிக்கு முன்னால் நின்றேன்.

கொஞ்ச நேரம்தான் வெட்டியிருப்போம். மண்ணுக்குள் கறுப்பாக, வளைவாக ஒன்று தெரிந்தது. கை கனத்தது. அப்படிக் கை கனத்ததை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. தூக்கினேன்.

போலியர் வந்து குனிந்து பார்த்தார். சைக்கிள் சில்லு. மேலே மாரெக் சிரிக்கத் தொடங்கினான். கண்ணீர் வரும்வரை சிரித்தான். போலியர் அதை வெளியே இழுத்துப் போட்டு, நான் கையை இறக்கும்வரை, வாளி ஒரு விரல் அளவும் அசையவில்லை.